நீல உமி

கில்ஃபின்டனில் முப்பத்தோரு வீடு, இரண்டு மதுக்கடை, ஒரு கோவில். கோவிலில் மணி கிடையாது. மணி இருந்தது, பக்கத்து ஊர் பாலிவார்னாவுக்கு பிஷப் வருகிறார் என்று நூறு வருஷத்துக்கு முன்னால் இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். பிஷப் வந்தார், போனார். மணி திரும்பவில்லை. அதற்கும் முன்னால் பஞ்ச காலத்தில் கஞ்சிக் கொப்பரை வைத்தார்களே, அதுவும் பாலிவார்னாவில்தான் வைத்தார்கள். ரயில் வந்தபோது ஸ்டேஷன் அங்கே. மாட்டுச் சந்தை அங்கே. பால் பண்ணை அங்கே. கில்ஃபின்டனுக்கு என்ன கொடுத்தார்கள்? பாறை கொடுத்தார்கள். குன்று முழுக்கச் சாம்பல் நிறப் பாறை, அதில் ஒரு முழத்துக்கு ஒரு வெடிப்பு, வெடிப்புக்கு ஒரு ஆடு.

இரண்டு ஊருக்கும் நடுவில் எல்லை என்று கருந்தண்ணி ஆறு இருக்கிறது. மேற்கே கில்ஃபின்டன் கோவிலின் பங்கு, கிழக்கே பாலிவார்னா கோவிலின் பங்கு. எல்லை என்றால் கண்ணுக்குத் தெரிய ஓட வேண்டாமா? இந்த ஆறு ஓடாது. தெற்கே ஒரு குழியில் திடீரென்று விழுந்து காணாமல் போய்விடும். ஒரு மைல் தள்ளி, வடக்கே, பாறைக்கு அடியிலிருந்து ஒன்றும் தெரியாததுபோல் வெளியே வரும். விழுகிற இடத்துக்கு விழுங்கி என்று பெயர். வருகிற இடத்துக்குக் கக்கி. நடுவிலே அந்த ஒரு மைல் அது பூமிக்கடியில் எப்படிப் போகிறது, எங்கே திரும்புகிறது என்று யாரும் கேட்டதில்லை. அந்த ஒரு மைலில் இருந்தது இரண்டே வீடு. ஒன்று கோல்மன் லின்னேனுடையது. அதற்கு இரண்டு வயல் கிழக்கே ஃபெஸ்டஸ் கைனுடையது. ஆறு இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடுகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால் லின்னேன்கள் ஐந்து தலைமுறையாகக் கில்ஃபின்டன்காரர்கள். கைன்கள் பாலிவார்னாக்காரர்கள்.

கோல்மன் பால் லாரி ஓட்டுகிறவன். முப்பத்தொன்பது வயது. கில்ஃபின்டன் ஹர்லிங் அணிக்கு இருபத்தோரு வருஷமாக கோல்கீப்பர். ஹர்லிங் என்றால் அயர்லாந்து ஆட்டம், கையில் மட்டையும் காற்றில் பறக்கிற தோல் பந்தும். அந்தப் பந்து விலா எலும்பில் பட்டால் ஒரு மாசத்துக்குச் சிரிக்க முடியாது. இருபத்தோரு வருஷத்தில் கில்ஃபின்டன் தோற்ற ஆட்டங்களுக்கெல்லாம் கடைசிச் சாட்சி அவன்தான். பந்து அவனைத் தாண்டித்தானே போக வேண்டும்! அந்த 1964-ஆம் வருஷம் என்ன காற்று வீசியதோ, கில்ஃபின்டன் ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயித்தது. அறுபத்தோரு வருஷத்துக்குப் பிறகு இறுதி ஆட்டம். எதிரே யார்? வேறு யார், பாலிவார்னாதான்.

இறுதி ஆட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை, பாலிவார்னா ஒரு ஆட்சேபணை போட்டது. எந்தப் பங்கில் வீடோ அந்தப் பங்குக்குத்தான் ஆட வேண்டும் என்பது சட்டம். சர்க்கார் வரைபடத்தில் விழுங்கியிலிருந்து கக்கி வரைக்கும் நேர்கோடாகப் புள்ளி வைத்திருக்கிறது. அந்தக் கோட்டுக்கு நாற்பது அடி கிழக்கே கோல்மன் வீடு நிற்கிறது. ஆகையால் கோல்மன் லின்னேன் பாலிவார்னாக்காரன், கில்ஃபின்டன் அணியில் நிற்க அவனுக்கு உரிமை இல்லை. கீழே கையெழுத்து: ஃபெஸ்டஸ் கைன், தலைமையாசிரியர், செயலாளர்.

ஃபெஸ்டஸ் வேறு யாருமில்லை, கோல்மனின் மனைவி சபீனாவின் கூடப்பிறந்த அண்ணன். பக்கத்து வயல் வீட்டுக்காரன், சொந்த மச்சான்.

"உங்க அண்ணனுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று கேட்டான் கோல்மன். காலுறையோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். பூட்ஸை எந்தப் பக்கம் கழற்றிப் போட்டோம் என்றுகூடத் தெரியவில்லை அவனுக்கு.

"நீ ஒண்ணும் பண்ணல. அவன் மகன் மாலக்கி போன வருஷம் அடிச்ச நாலு பந்தை நீ புடிச்சிட்ட, அதான்," என்றாள் சபீனா. "எனக்குத்தான் பதினெட்டு வருஷமா நல்ல பேரு. இங்க இருக்கறவளுங்க என்னப் பாலிவார்னாக்காரின்னு சொல்றாளுங்க. அங்க போனா கில்ஃபின்டன்காரன் பொண்டாட்டிங்கறாங்க. இப்ப உனக்கும் அதே கதி. வா, சேந்து அனுபவிப்போம்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தப் பதினெட்டு வருஷம் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் கோல்மனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு மாவட்டக் கமிட்டி டவுனில் ஒரு ஓட்டல் மாடியில் கூடியது. தலைவர் ஜார்லத் கோர்லெஸ், மாட்டு டாக்டர். கதவில் நுழைய ஒருக்களிக்க வேண்டிய உடம்பு. இரண்டு ஊரையும் அவருக்கு ஒரே அளவுக்குப் பிடிக்காது, அதனால் நியாயமான மனிதர் என்று பெயர். கில்ஃபின்டன் தரப்பில் மட்டி ஹெஷன் வந்திருந்தான். அவன் மதுக்கடை நடத்துகிறவன், அணிக்குச் செயலாளர், வாயைத் திறந்தால் மூட மறப்பவன். பாலிவார்னா தரப்பில் ஃபெஸ்டஸ், நன்றாக வெட்டிவிட்ட மீசையோடு.

தலைவர் ஆட்சேபணைக் காகிதத்தை எடுத்தார். படிக்கவில்லை. மின்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அது அங்கே வழக்கம். ஆட்சேபணையை ஐரிஷ் காகிதத்தில்தான் எழுத வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஐரிஷ் ஆலையின் முத்திரை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உள்ளே இருப்பது வேதவாக்காக இருந்தாலும் குப்பைக்கூடைதான்.

"மாஸ்டர்," என்றார் தலைவர். "இது இங்கிலாந்துக் காகிதம்."

ஃபெஸ்டஸின் முகம் வெளுத்துப் போயிற்று. முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஒற்றெழுத்துக்குக்கூட மதிப்பெண் வெட்டுகிற வாத்தியார்! பள்ளிக்கூட அலமாரியில் கைக்குக் கிடைத்த தாளை எடுத்து எழுதியிருக்கிறார்.

மட்டி மேஜையைத் தட்டிச் சிரித்தான். "முடிஞ்சுது கதை! நம்மள வெளியேத்த இங்கிலாந்துக்காரனையா மாஸ்டர் கூப்பிட்டீங்க? போதுமய்யா, இனி ஏழு தலைமுறைக்குக் கடையில இதையே சொல்லிச் சிரிப்பேன்!"

தலைவர் காகிதத்தை மடித்துக் கூடைப் பக்கம் கையை நீட்டினார். அப்போதுதான் கோல்மன் எழுந்தான்.

"தூக்கிப் போடாதீங்க, டாக்டர்."

"என்னது?"

"தூக்கிப் போடாதீங்க. விசாரிங்க."

மட்டி அவன் கோட்டைப் பிடித்து இழுத்தான். "உக்காருடா மடையா! ஜெயிச்சிட்டோம்டா!"

"எங்கடா ஜெயிச்சோம்?" கோல்மன் கோட்டை விடுவித்துக்கொண்டான். கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை அவன். "காகிதந்தானே தோத்துச்சு? நாளைக்குப் பால் பண்ணையில போய் நின்னா என்ன சொல்லுவாங்க? காகிதத்துல தப்பிச்ச கோல்கீப்பர்னு சொல்லுவாங்க. எங்கப்பா கில்ஃபின்டன் மண்ணுல படுத்திருக்காரு, அவங்கப்பாவும் அங்கதான். நான் செத்தா எந்தக் கல்லறையில வைக்கறதுன்னு ஊரே நின்னு யோசிக்கணுமா? என் வீடு எந்தப் பங்குன்னு மாஸ்டர் கேட்டுட்டாரு. கேட்டது கேட்டதுதான். பதில் வேணும் எனக்கு. என் வீடு அந்தப் பக்கம்னா நான் ஞாயித்துக்கிழமை ஆடல."

"நீ ஆடலேன்னா யாருடா நிப்பா?" மட்டி அழாக்குறையாகச் சொன்னான். "பேக்கரிக்காரன் மகன் நிப்பான். பந்து வந்தா கண்ண மூடிக்குவான் அவன்!"

தலைவர் இருவரையும் பார்த்தார். ஃபெஸ்டஸையும் பார்த்தார். "பூமிக்கு அடியில ஓடறத யாரு பாக்கறது? பாக்க முடியலேன்னா வரைபடம் சொன்னதுதான் முடிவு. கோட்டுப்படி நீ பாலிவார்னா, லின்னேன். யோசிச்சுச் சொல்லு."

"பாக்க முடியும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சபீனா. கூட்டத்துக்குப் பெண்கள் வருகிற பழக்கம் இல்லை, அவள் வந்து கதவோரம் நின்றிருந்தாள். "நான் பொறந்த வீட்டுக் கொல்லையில கிணறு இருக்கு. கதிரடிக்கற மாசம் எங்கம்மா அந்தத் தண்ணியத் துணி போட்டு வடிகட்டுவா. ஏம்மான்னா, உமி வருதுடிம்பா. விழுங்கிக்குப் பக்கத்துலதான் கில்ஃபின்டன்காரங்க கதிரடிப்பாங்க, உமி ஆத்துல விழும். ஆறு எங்க வீட்டுக்கு அந்தாண்ட, அந்தக் கிணத்தடியில ஓடுது."

"காத்துல பறந்து வந்த உமி அது," என்றார் ஃபெஸ்டஸ்.

"நீ அப்ப வாத்தியார் படிப்புக்கு டப்ளின் போயிட்டண்ணே. துணியப் புழிஞ்சவ நான்."

"என் கிணத்துல ஆத்து உமி வந்துச்சுன்னா," ஃபெஸ்டஸ் எழுந்து நின்று சொன்னார், "இந்த மீசைய எடுத்துடறேன்."

"எழுதிக்கங்க டாக்டர்," என்றாள் சபீனா.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு விழுங்கியில் உமி கொட்டுவது, கிணற்றடியில் கமிட்டி நின்று பார்ப்பது என்று முடிவாயிற்று. கிணற்றில் வந்தால் கோல்மன் கில்ஃபின்டன். வராவிட்டால் வரைபடக் கோடுதான் எல்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க சபீனா துணி வெளுக்கிற கொப்பரையில் உமியை வேகவைத்தாள். வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தை ஊரில் இருந்த கடையிலிருந்து மொத்தமாக வாங்கி அதில் கரைத்தாள். எதற்கு நீலம்? அறுவடைக் காலம், எல்லார் களத்திலும் உமி பறக்கிறது. வெறும் உமி வந்தால் மறுபடி காற்று என்பார் அண்ணன். நீல உமிக்கு எந்தக் காற்றைச் சொல்வார்? நாலு மூட்டை உமி. அவள் கைகள் முழங்கை வரை நீலமாகிவிட்டன. அவளை ஒரு நாளும் எட்டிப் பார்க்காத கில்ஃபின்டன் பெண்கள் ஆறு பேர் அன்றைக்குக் கரண்டியோடு வந்து நின்றார்கள். அதில் ஒருத்தி, "பாலிவார்னாக்காரி, நகரு, நான் கிண்டறேன்," என்றாள். அதே பெயர்தான். சொன்ன விதம் வேறு.

சனிக்கிழமை. ஃபெஸ்டஸ் வீட்டு மதில்மேல் இரண்டு ஊரும் உட்கார்ந்திருந்தது, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. கமிட்டியார் மூன்று பேர் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். கிணறு வீட்டுக்குப் பின்னால், கொல்லையின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. பாலிவார்னா பங்கிலேயே முதன்முதலில் கைபம்பு வைத்த வீடு அது. கிணற்றின் அடியிலிருந்து குழாய் போட்டுச் சமையலறைக்குள் தண்ணீர் வரும். அதனால் கிணற்றில் யாரும் வாளி விடுவதில்லை. ஃபெஸ்டஸே மூடியைத் திறந்துவிட்டார். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. எல்லார் முகமும் அதில் தெரிந்தது.

ஒன்பதாயிற்று. பத்தாயிற்று. ஒரு துளி நீலம் இல்லை. கோல்மன் கிணற்றை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. இருபத்தோரு வருஷம் கோல் வாசலில் நின்று பழகிய கண். ஒரு இலை விழுந்தது, அதைப் பார்த்தான். ஒரு பூச்சி விழுந்தது, அதையும் பார்த்தான்.

"மச்சான்," என்றார் ஃபெஸ்டஸ் மெதுவாக. "நான் ஒண்ணும் விரோதமாச் செய்யல. சட்டம் சட்டம்தான்."

"நான் ஒண்ணும் சொல்லலியே மச்சான்," என்றான் கோல்மன்.

பன்னிரண்டு மணிக்குத் தபால்காரன் சைக்கிளில் தலைதெறிக்க வந்தான். "கக்கியில வந்துடுச்சு! கக்கி பூரா நீலம்! வாத்தெல்லாம் நீலமா நீந்துது!"

கூட்டம் சத்தம் போட்டது. அடுத்த நொடி அதன் அர்த்தம் புரிந்து கில்ஃபின்டன் பக்கம் அடங்கிப் போயிற்று. கக்கியில் வந்துவிட்டது என்றால் கடந்து போயாயிற்று. கிணற்றில் ஒன்றும் வரவில்லை. பாலிவார்னா பக்கத்து மதிலில் கைதட்டினார்கள்.

"கோல்கீப்பர்! திங்கக்கிழமை எங்க அணியில சேர வாடா, துண்டு தூக்க ஆள் வேணும்!"

சபீனா ஓடி வந்து கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. அவள் நீலக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நானே கெடுத்துட்டேன்," என்றாள் கோல்மனிடம். "வேகவச்சுட்டேனே. காஞ்ச உமின்னா மிதந்திருக்கும். ஊறின உமி அடியிலயே போயிருக்கும். நானே கெடுத்துட்டேன் கோல்மன்."

அவனுக்கு ஆட்டம் போயிற்று, வீடு போயிற்று, அப்பாவின் கல்லறைகூடத் தூரமாகிவிட்டதுபோல் இருந்தது. அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டான். "விடு. நீ இல்லாட்டி அந்தக் கமிட்டிக்காரங்க இந்தக் கொல்லைக்கே வந்திருக்க மாட்டாங்க," என்றான்.

தலைவர் நோட்டை எடுத்தார், பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஃபெஸ்டஸின் மனைவி டீலியா கொல்லைக் கதவில் வந்து நின்றாள்.

"டாக்டர், ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க."

"வேண்டாம்மா, வேலை இருக்கு."

"காலையிலேருந்து நிக்கறீங்க. ஒரு வாய்தான்."

"சிரமம் வேண்டாம், வீட்டுல போய்க் குடிச்சுக்கறேன்."

எங்கள் பக்கம் இதற்கு ஒரு கணக்கு உண்டு. முதல் தடவை கேட்டதும் சரி என்பவன் பேராசைக்காரன். மூன்றாம் தடவையும் வேண்டாம் என்பவன் விரோதி. எதிரியின் வீடாக இருந்தாலும் சரி, வழக்கு நடக்கிற வீடாக இருந்தாலும் சரி, வந்தவனை டீ இல்லாமல் அனுப்பினால் அந்த வீட்டுக்காரி செத்த பிறகும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். டீலியா மூன்றாம் தடவை கேட்டாள்.

"கேக்கு வெட்டி வச்சிருக்கேன், டாக்டர்."

"சரி சரி," என்றார் தலைவர். "பாதிக் கோப்பை போதும்."

டீலியா நல்ல கோப்பையில், கல்யாணத்துக்கு வந்த கோப்பையில், முழுசாகவே கொண்டுவந்து கொடுத்தாள். தலைவர் ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் கோப்பையோடு ஒரு பெரிய வாய் குடித்தார். மென்றார். டீயை யாராவது மெல்லுவார்களா? மென்றார். விரலை நாக்கில் வைத்து எதையோ எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், வியாழக்கிழமை காகிதத்தைப் பிடித்ததுபோலவே.

"இது தேயிலை இல்ல," என்றார்.

மற்ற கமிட்டியார் கழுத்தை நீட்டினார்கள்.

"இது ஓட்ஸ் உமி. முப்பது வருஷமா மாட்டு வாயப் பாக்கறவன் நான், எனக்குத் தெரியும். இது," என்று கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், "நீலமா இருக்கு."

அப்புறம் மதில் இருந்ததோ இல்லையோ, கில்ஃபின்டன் முழுக்கக் கொல்லைக்குள் குதித்துவிட்டது. மட்டிதான் முதலில் கத்தினான்: "பம்பு! பம்பு அடியிலேருந்து இழுக்குதுடா! மாஸ்டரோட பம்பு!"

ஆனால் யாரும் தொடுவதற்கு முன்னால் ஃபெஸ்டஸே சமையலறைக்குள் போனார். எனாமல் வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்தார். நாலு முறை கைப்பிடியை அழுத்தினார். வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து எல்லாருக்கும் நடுவில் வைத்தார். துணி அலசின தண்ணீர்போல நீலம், அதில் கைப்பிடி நீல உமி. அவர் நினைத்திருந்தால் வாளியை உள்ளேயே கவிழ்த்திருக்கலாம். மனிதன் முசுடு, ஆனால் பொய்யன் இல்லை. அதைக் கில்ஃபின்டன் அன்றைக்கே ஒப்புக்கொண்டது.

"ஆறு இங்கதான் ஓடுது," என்றார். "லின்னேன் வீடு கில்ஃபின்டன் பங்கு. நான் சொன்னது தப்பு."

சபீனா அழுதாள். கோல்மன் கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டான். யார் யாரோ வந்து முதுகில் அடித்தார்கள். அத்தனை அடியும் சந்தோஷமாக இருந்தது.

மட்டி மட்டும் சத்தம் போடாமல் கிணற்றைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான், மறுபடி கிணற்றைப் பார்த்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு விரிந்தது.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். ஆறு கிணத்துல ஓடுது. கிணறு வீட்டுக்குக் கிழக்க இருக்கு. ஆத்துக்கு மேக்க கில்ஃபின்டன். அப்ப உங்க வீடு?"

ஃபெஸ்டஸ் கிணற்றைத் திரும்பிப் பார்த்தார்.  வாத்தியார் அல்லவா, கணக்கு அவருக்கு உடனே வந்துவிட்டது. தலைவர் வரைபடத்தை விரித்துப் பென்சிலால் விழுங்கியிலிருந்து கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து கக்கிக்கும் கோடு இழுத்தார். ஃபெஸ்டஸ் கைனின் வீடு, அடுப்படி, பம்பு, கோழிக்கூடு எல்லாம் கோட்டுக்கு மேற்கே கில்ஃபின்டனில் கிடந்தது.

சபீனா வரைபடத்தைக் குனிந்து பார்த்தாள். "அப்ப நான் பொறந்ததே கில்ஃபின்டனா?" என்றாள். கரண்டியோடு வந்த அந்தப் பெண்ணைத் திரும்பித் தேடினாள். "ஏய்! கேட்டியாடி? பதினெட்டு வருஷம்! பதினெட்டு வருஷத்தையும் திருப்பிக் குடுங்கடி எனக்கு!" என்று கத்திச் சிரித்தாள். கண்ணீரைத் துடைத்ததில் கன்னமும் நீலமாகிவிட்டது.

மட்டி சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தான். தலைவருக்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்தான். முத்திரை பளிச்சென்று தெரிந்தது. "ஐரிஷ் காகிதம். சுத்தமானது. மாலக்கி கைன் கில்ஃபின்டன் பங்குக்காரன், நாளைக்குப் பாலிவார்னாவுக்கு ஆட அவனுக்கு உரிமை இல்லேன்னு ஒரு ஆட்சேபணை. நாலே வரி. பேனா யாரு தர்றா?"

மாலக்கி இருபது வயசுப் பையன், பாலிவார்னாவின் முதல் ஆட்டக்காரன். அவன் கதவோரம் நின்று அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஃபெஸ்டஸ் தலையைக் குனிந்துகொண்டார். சட்டம் சட்டம்தான் என்று சொன்ன வாய் அது.

கோல்மன் எழுந்துபோய் மட்டியின் கையிலிருந்த காகிதத்தை மடித்து அவன் பைக்குள்ளேயே திணித்தான். "உள்ள வை."

"டேய், இவன் இல்லேன்னா அவங்க சைபர்டா!"

"அதனாலதான். இவன் இல்லாம ஜெயிச்சா அது என்ன ஜெயிப்பு? அறுபத்தோரு வருஷம் காத்திருந்தது அதுக்கா?" மாலக்கியைப் பார்த்தான். "மருமவனே, நாளைக்கு வா. எவ்வளவு பலமா அடிப்பியோ அடி."

"அடிப்பேன் மாமா," என்றான் மாலக்கி.

அடிக்கவும் அடித்தான். ஞாயிற்றுக்கிழமை மழையுமில்லை வெயிலுமில்லை. கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி, வலைக்குள் போனால் மூன்று. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது கில்ஃபின்டன் இரண்டு புள்ளி முன்னால் நின்றது. கோலுக்கு இருபது கஜத்தில் பாலிவார்னாவுக்கு ஒரு தனி அடி கிடைத்தது. மாலக்கி வந்து நின்றான். மேலே அடித்தால் தோல்வி, உள்ளே அடித்தால் கோப்பை. மைதானத்தில் இரண்டு ஊரும் எழுந்து நின்றது. பேக்கரிக்காரன் மகன் ஓரத்தில் நின்று இப்போதே கண்ணை மூடிக்கொண்டான்.

மாலக்கி பந்தை மட்டை நுனியால் தூக்கிவிட்டு முழு உடம்பாலும் அடித்தான். கோல்மன் பந்தைப் பார்க்கவில்லை. மாலக்கியின் இடது தோளைப் பார்த்தான். அந்தத் தோள் எந்தப் பக்கம் திரும்பும் என்று அந்தப் பையன் மூன்று வயசில் இவன் வயலில் குச்சி பிடித்த நாளிலிருந்து அவனுக்குத் தெரியும். பாய்ந்தான். பந்து மட்டையில் படவில்லை, நெஞ்சில் பட்டது. சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பந்து கீழே விழுந்தது, அதன்மேல் கோல்மன் விழுந்தான், அவன்மேல் நாலு பேர் விழுந்தார்கள். ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதிற்று.

அவனைத் தோண்டித்தான் எடுத்தார்கள். முதலில் கை கொடுத்தது மாலக்கி. "எலும்பு இருக்கா மாமா?"

"ஒண்ணு ரெண்டு இருக்கு. சிரிக்க வைக்காத," என்றான் கோல்மன். ஆனால் சிரித்தான். வலியில் உயிர் போயிற்று, அப்படியும் சிரித்தான்.

கோப்பையைப் பால் லாரியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். வழி நெடுகப் புல்கரி, அதாவது சதுப்பில் வெட்டி உலர்த்திய எரிகட்டி, அடுக்கித் தீ மூட்டியிருந்தது. கோவிலில் மணி இல்லையே! இல்லாவிட்டால் என்ன? லாரியில் இருந்த காலிப் பால் கேன்களை நாற்பது பேர் மட்டையால் அடித்தார்கள். அந்தச் சத்தம் பாலிவார்னாவில் இருக்கிற இரவல் மணிக்குக் கேட்டிருக்கும்; கேட்க வேண்டும் என்றுதான் அடித்தார்கள். சபீனா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து நீலக் கையால் கோப்பையைப் பிடித்திருந்தாள். அந்த நீலம் கிறிஸ்துமஸ் வரை போகவில்லை, அவளும் தேய்த்துக் கழுவவில்லை.

அடுத்த ஞாயிறு காலைப் பூசை. சாமியார் பீடத்தில் ஏறிவிட்டார், எல்லாரும் முழங்கால் போட்டாயிற்று. கோவில் கதவு திறந்தது. கில்ஃபின்டன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஃபெஸ்டஸ் கைன் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் டீலியா, மாலக்கி. சட்டப்படி எந்தப் பங்கோ அந்தப் பங்குக் கோவிலுக்குத்தானே வர வேண்டும், வந்துவிட்டார். மூக்குக்குக் கீழே, முப்பது வருஷமாக வெயில் படாத இடம், பச்சைக் குழந்தைத் தோலாக வெளுத்திருந்தது. மீசை இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. மட்டி மட்டும் கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டான். கோவிலில் எந்தப் பெஞ்சும் காலி இல்லை. எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பெஞ்சு என்பது நூற்றைம்பது வருஷத்து வழக்கம், புதிசாக வருகிறவர்களுக்கென்று அங்கே ஒன்று கிடையாது. ஃபெஸ்டஸ் நடுவழியில் நின்றார். எங்கே போவது என்று தெரியவில்லை. முதன்முதலில் பள்ளிக்கூடம் வந்த பிள்ளை மாதிரி நின்றார்.

சபீனா எழுந்தாள். கோல்மனை இடுப்பில் இடித்தாள். உடைந்த விலாப் பக்கம். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தான்.

"தள்ளி உக்காருங்க எல்லாரும்," என்றாள், சாமியாருக்கும் கேட்கிற மாதிரி. "எங்க அண்ணன் வந்திருக்கான். நம்ம ஊர்க்காரன்."